துட்டிக்குக் கொடுக்காத கை

மருதப்பனுக்கு வலது தோள்பட்டை வலிக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷமும் பெண்டாட்டி இசக்கித்தாய்க்கு இரண்டு கையும் வலிக்கிறது, தேய்த்துத் தேய்த்து. வேப்பெண்ணெய் தேய்த்தாயிற்று. கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஊசி டாக்டர் தோளிலேயே ஒன்றை இறக்கி, "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிச் சிவப்பு டானிக் ஒரு பாட்டில் தந்தார். அந்த டானிக்கால் தேறியது டாக்டர் கட்டிய மாடி மட்டும்தான்.

"கொஞ்சம் கீழ தேயி" என்றான் மருதப்பன்.

"இங்கனயா?"

"இன்னும் கீழ."

"கீழன்னா எங்க, உள்ளங்காலுக்கா? காலங்காத்தால இந்தத் தோளைத் தேச்சே என் கையி ஓஞ்சு போச்சுன்னா பொறவு தார் சுத்துதது யாரு? உங்க அம்மையா எந்திரிச்சு வருவா?"

அவன் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏசினாலும் அதே மூஞ்சி, எள்ளுருண்டை கொடுத்தாலும் அதே மூஞ்சி. கண்ணைக்கூட அடிக்கடி சிமிட்டமாட்டான். மண்ணில் செய்து சுட மறந்த சிலை மாதிரி உட்கார்ந்திருப்பான். திமிர். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்து அவள் கண்டுபிடித்த பெயர் அதுதான்.

சங்கரன்கோவிலில் ஆறுமுகச்சாமி முதலாளியின் கூடத்தில் நாற்பது விசைத்தறி. அதில் இரண்டு தறி மருதப்பனுக்கு. தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டைக்குத் தார் என்று பெயர். அதைச் சுற்றுவது இசக்கித்தாயும் மகள் கோமதித்தாயும். தறி ஓடும்போது நெடுக்கே இருக்கிற பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் நிறுத்தி, முனையைத் தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். நல்ல கை வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் முடித்துவிடும். மருதப்பனின் கையும் அப்படி இருந்த கைதான். இப்போது அவன் இழையைப் பிடித்தால், பக்கத்துத் தறிக்காரன் வெளியே போய் பீடி குடித்துவிட்டு வந்து பார்க்கும்போதும் பிடித்துக்கொண்டே நிற்கிறான். குரல் வேறு குறைந்துபோயிற்று. ஆனால் நாற்பது தறி ஓடுகிற இடத்தில் எவன் குரல் குறைந்தது என்று எவனுக்குத் தெரியும்? அங்கே எல்லோரும் கைஜாடையில் பேசுகிறவர்கள். கை ஜாடை காட்டாமல் நின்றதைத்தான் கவனித்தார்கள். அதற்கும் திமிர் என்றார்கள். ஊருக்கும் அவளுக்கும் அந்த ஒரு விஷயத்தில் கருத்து வேற்றுமை கிடையாது.

அடுப்பில் கருவாட்டுக் குழம்பு தீய்ந்து தெருவே மூக்கைப் பிடித்தபோது, அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். "மணக்கலையா வே உமக்கு?" என்று கேட்டதற்கு, "என்னது?" என்றான். அன்றைக்கு அவள் அவனை வே போட்டதோடு விடவில்லை, அகப்பையாலும் ஒன்று போட்டாள்.

இதெல்லாம் வீட்டுக்குள் கிடக்கிற விஷயம். ஊர் அறிய நடந்தது 1983 மாசியில்.

பனவடலிசத்திரத்தில் இசக்கித்தாயின் அய்யா தங்கசாமி செத்துப்போனார். துட்டி வீட்டில் செத்தவரின் ஆண்மக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துட்டி கேட்க வருகிற ஆண்கள் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். வாய் ஒன்றும் பேச வேண்டாம். கை கொடுத்தால் துக்கத்தில் பங்கு. பத்து வருஷப் பகையாளிகூட அன்றைக்கு வந்து கை கொடுத்துவிட்டு, மறுநாள் வரப்புச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். அப்படிப்பட்ட இடத்தில், வீட்டு மருமகன் மருதப்பன் வலது கையை இடது அக்குளுக்குள் சொருகிக்கொண்டு வந்தான். மச்சான் உச்சிமாகாளி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மருதப்பன் அவன் முன்னால் நின்றான். குனியவில்லை. கையை எடுக்கவில்லை. கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தச் சுடாத சிலை மூஞ்சியோடு நின்றுவிட்டு, சின்னச் சின்ன எட்டாக வைத்து அப்பால் போய்விட்டான். ஊரே பார்த்தது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு இசக்கித்தாய்க்கு மட்டும் ஆள் வந்தது. வந்தவனிடமே உச்சிமாகாளி சொல்லி அனுப்பியிருந்தான்: கை கொடுக்காதவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன். அவன் மகன் துரைப்பாண்டிக்குக் கோமதித்தாய் என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்தது. கோமதித்தாய்க்கு இப்போது இருபது. தார் சுற்றுகிறவள் மகளைத் தேடி வேறு எவனும் வரப்போவதில்லை என்பது இசக்கித்தாய்க்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் புருஷனுக்குச் சோறு வைக்கும்போது தட்டைத் தரையில் வைப்பதில்லை, போடுவாள்.

ஆடியில் முதலாளி கூப்பிட்டார்.

"ஏட்டி இசக்கி, உன் புருஷன் காலையிலயே சாராயக்கடைக்குப் போயிட்டுத்தான் வாரானா?"

"அவருக்குக் குடிக்கிற சாமர்த்தியம் ஏது மொதலாளி?"

"பொறவு ஏன் தத்துக்கா பித்துக்கான்னு நடக்கான்? பேசினா கொழ கொழங்குது. ஒரு முடிச்சுப் போட முக்கால் மணி நேரம் நிக்கான். குடிக்கலைன்னு பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு. இல்லைன்னா தறிக்கு வேற ஆள் போட்டிருவேன்."

குடிக்கவில்லை என்பதற்குச் சீட்டு வாங்கத்தான் அவள் புருஷனைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றினாள். அவனுக்கு உடம்பு சரியில்லை என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. வழியில் பனவடலிசத்திரம் வந்தது. பிறந்த ஊர் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் அவனை மேலும் கீழும் பார்த்த நர்ஸ், நரம்புப் பிரிவுக்குத் தள்ளினாள். அது வியாழக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு வியாழன். நீளப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவனின் நடுக்கம் புட்டத்தில் தெரிந்தது.

பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போட்ட பெரியமனுஷி ஒருத்தி, ஒரு ஆளைத் தோளோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையநல்லூர். பெயர் அலிமா பீவி.

"யாரு, வீட்டுக்காரரா?" என்றாள்.

"ஆமாக்கா."

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்ய மாட்டாரு. அதான் சீக்கு."

அலிமா பீவி துப்பட்டிக்குள் சிரித்தாள். "இவன் எந்தம்பி பீர் மைதீன். ஜவுளிக்கடையில துணி கிழிச்சுப்போட்ட கையி. இப்பம் படுத்தா போட்ட கட்டையாக் கெடப்பான், பொரள ஏலாது. நாந்தான் தள்ளிப் பொரட்டணும். சோம்பேறின்னு ஏசிட்டு அவன் பொண்டாட்டி உம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஓதிப் பாத்தோம், தாயத்துக் கெட்டுனோம். கையோட சேந்து தாயத்தும் ஆடுனதுதான் மிச்சம்."

"எங்க ஊர்ல திமிருங்காவ."

"அந்தா சுவரோரம் இருக்காவல்லா, வாத்தியாரு. எழுத்துச் சிறுத்துச் சிறுத்து எறும்பாப் போச்சாம். பின் பெஞ்சுக்குத் தெரியலைன்னு எட்மாஸ்டர் மெமோ குடுத்திருக்காரு."

"எங்க ஆளு கைநாட்டு. சிறுக்க எழுத்தும் கெடையாது."

மருதப்பன் இரண்டு பேரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது.

உள்ளே பெரிய டாக்டரைச் சுற்றி வெள்ளைக்கோட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி மருதப்பனைப் பார்த்தார்கள். டாக்டர் அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஒருவன் கையைக் காட்டி நடுக்கம் என்றான். டாக்டருக்குக் கோபம் வந்து தமிழுக்கு மாறினார்.

"அது கொழந்தைக்கும் தெரியும். வாசல்லயிருந்து இங்க வர்றதுக்குள்ள என்ன பாத்தே? எடது கை வீசுது, வலது கை வீசல. அதைப் பாக்கத் துப்பில்லை, எதுக்குக் கோட்டு?" மருதப்பனிடம் திரும்பினார். "நடங்க. திரும்புங்க."

மருதப்பன் திரும்பினான். ஒரு ஆள் திரும்புவதற்கு ஒரு எட்டுப் போதும். அவனுக்கு ஏழெட்டு ஆயிற்று, பாவில் சிக்கிய நாடா மாதிரி. டாக்டர் அவன் முழங்கையை மடக்கி நீட்டினார். துருப்பிடித்த கிணற்று ராட்டு போல விட்டுவிட்டு வந்தது. விரலைத் தட்டச் சொன்னார். முதல் நாலு தட்டு தட்டு மாதிரி இருந்தது, பிறகு கரைந்துபோயிற்று.

"மொதல்ல என்ன இருந்துச்சு?"

"தோள் வலி" என்றாள் இசக்கித்தாய். "ரெண்டு வருசம்."

"தோள்ல ஊசி போட்டானா?"

"போட்டாவ."

"போடுவான். மணம் தெரியுமா இவருக்கு?"

அவள் கருவாட்டுக் குழம்பைச் சொன்னாள். அகப்பையைச் சொல்லவில்லை.

"சிரிப்பாரா?"

"சிரிக்கிறதுக்கு எங்க வீட்ல என்னய்யா இருக்கு?"

வெள்ளைக்கோட்டுகள் சிரித்தன. டாக்டர் சிரிக்கவில்லை. "இது பார்க்கின்சன்ம்மா. மூளைக்குள்ள ஒரு சத்து வத்திப்போச்சு. அதனாலதான் கை, கால், மூஞ்சி, பேச்சு எல்லாம் எறுகுது. குணமாக்க முடியாது. மருந்து திங்கிற வரைக்கும் ஓடும். மூஞ்சியைப் பாத்து எல்லாரும் திமிர்னு சொல்லியிருப்பானே?"

அவள் புருஷனின் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கையை ஒளிக்கிறாரா? எல்லாரும் அதைத்தான் செய்வான். பையில விடுவான், தொடைக்கு அடியில வப்பான், அக்குள்ள சொருகுவான்."

அவளுக்கு மாசி மாதம் கண் முன்னால் வந்து நின்றது. வெளியே வந்ததும் கேட்டாள்.

"அன்னைக்கு எங்க அய்யா துட்டியில இதுனாலயா கை குடுக்கல?"

"நடுங்குச்சு."

"வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? வாயிலயும் சத்து வத்திருச்சா?"

"துட்டி வீட்ல நடுங்குனா குடிச்சிட்டு வந்திருக்காம்பான் உங்க அண்ணன்" என்றான் மருதப்பன். அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. "திமிருன்னா சொல்லிட்டுப் போறான்னு விட்டேன்."

அவன் திமிர்க்காரன் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. இரண்டு வருஷம் ஏசியதெல்லாம் ஆள் தப்பிப் போய் விழுந்திருக்கிறது என்ற ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்துக்கும் அவனைத்தான் ஏசினாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வெள்ளை மாத்திரை தந்தார்கள். இன்னொன்றை வெளியே வாங்கச் சொன்னார்கள். அதுதான் முக்கியமாம், அரை அரையாக மூன்று வேளை. மூன்று கடை ஏறினாள். மெட்ராஸிலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்கள். விலையைக் கேட்டால் ஒரு அட்டைக்கு இருபது நாள் தார் சுற்ற வேண்டும்.

திரும்பி வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். அலிமா பீவி அவள் முகத்தைப் பார்த்தாள். துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தாள். கடையில் கிடைக்காத அதே மாத்திரை உள்ளே இருந்தது.

"எங்க மாமி மவன் துபாய்லயிருந்து அனுப்புதான். இவனுக்கு நாளைக்கு மூணு, எண்ணித்தான் வச்சிருக்கேன். பத்துத் தாரேன். அடுத்த மாசம் கடைசி வியாழன் இங்கன வருவோம், அன்னைக்குத் திருப்பித் தந்திரு. இல்லைன்னா மூணு நாளைக்கு இவனை நான் பொரட்டணும். எனக்கு இடுப்பு ஏலாது."

"தந்திருதேன்க்கா. எங்க அம்மன் மேல சத்தியம்."

"சத்தியம் வேண்டாம், மாத்திரையத் தா."

முதலாளி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "குடி இல்லையா?"

"இல்ல மொதலாளி. நரம்புச் சீக்கு."

"அடப் பாவமே" என்றார். அவ்வளவு அன்பாக அவர் பேசி இசக்கித்தாய் கேட்டதில்லை. "குடின்னா நாலு ஏசி நிப்பாட்டலாம். சீக்கை என்ன செய்ய? அவன் ரெஸ்ட்ல இருக்கட்டும்." மறுநாள் இரண்டு தறியிலும் வேறு ஆள் நின்றான். மருதப்பனுக்குக் கழிவுப் பஞ்சு கூட்டுகிற விளக்குமாறு கிடைத்தது.

அதிலிருந்து அவள் ஒன்று கற்றுக்கொண்டாள். உச்சிமாகாளியிடம் சீக்கு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. திமிர் பிடித்தவன் தணிந்து வந்து கை கொடுத்தால் மன்னிப்பார்கள். சீக்காளி கொடுத்தால் கையைக் கழுவுவார்கள். மாத்திரை பத்து. நாலைந்து நாளில் கை வசத்துக்கு வந்தால், தீருவதற்குள் பனவடலிக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்ட வைத்துவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் மருதப்பன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டான். ஆறாம் நாள் காலை, மீதி இருந்ததில் ஒரு முழு மாத்திரையையே விழுங்க வைத்துப் பஸ் ஏற்றினாள்.

"நீரு பேசாண்டாம். கையை மட்டும் நீட்டும். பேச்சை நான் பாத்துக்கிடுதேன்."

உச்சிமாகாளி புஞ்சையில் இருந்தான். மழைக்கு முன்னால் நிலத்துக்கு எருக்குப்பை அடிக்கிற நேரம். வண்டி குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. இரண்டு பொம்பளைகள் கடகப்பெட்டியில் அள்ளிச் சிதறிக்கொண்டிருந்தார்கள். இசக்கித்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்காமலே ஒரு கடகத்தை எடுத்து நிறைத்துத் தலையில் தூக்கினாள். பிறந்த வீட்டுக் குப்பை. அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"யாரு கூப்பிட்டா உன்னை?" என்றான்.

"யாரும் கூப்பிடல. என் அய்யா புஞ்சை."

"கூட வந்திருக்கது யாரு, கலெக்டரா?"

மருதப்பன் முன்னால் வந்தான். குனிந்தான். வலது கையை நீட்டினான். கை அப்படியே நின்றது, ஆடவில்லை. உச்சிமாகாளி தன் கையிலிருந்த குப்பையை வேட்டியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு தொட்டான்.

"ஆறு மாசம் ஆயிருக்கு மாப்பிளைக்குப் புத்தி வர" என்றான். "போட்டும். நீரு திமிரு பிடிச்சவருதான். ஆனா தப்புன்னு தெரிஞ்சா வந்து நிக்கீரு. அது ஆம்பளைக்கு அழகு. ஏட்டி இசக்கி, கடகத்தை எறக்கு. வார தையில வச்சிருவோம். பயலும் அவ நெனப்பாத்தான் திரியுதான், வெக்கங்கெட்ட மூதி."

இசக்கித்தாய்க்குத் தலையில் பாரம் இருப்பதே மறந்துபோயிற்று.

மருதப்பன் ஏதோ சொன்னான்.

"என்னங்காரு?" என்றான் உச்சிமாகாளி.

"வெயிலா இருக்குங்காரு" என்றாள் அவள்.

மருதப்பன் மறுபடியும் சொன்னான்.

"அவரு என்னவோ சொல்லுதாரு. சத்தமாச் சொல்லும் வே" என்றான் அண்ணன்.

மருதப்பன் சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மச்சான் கையில் வைத்தான். முத்திரை குத்திய சீட்டு. இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் முத்திரை தெரியும்.

"சீக்கு மச்சான்" என்றான். மாத்திரையின் புண்ணியத்தில் அந்த இரண்டு வார்த்தையும் தெளிவாக வந்து தொலைத்தன. "அன்னைக்குக் கை நடுங்குச்சு. அதான் குடுக்கல. இது தீராது."

உச்சிமாகாளி சீட்டைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். "பிள்ளைகளுக்கு வருமா?"

"அநேகமா வராதுன்னாவ டாக்டர்" என்றாள் இசக்கித்தாய்.

"அநேகமாவா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் புளியமரத்து நிழலில் உட்கார வைத்தான். வீட்டிலிருந்து கம்பங்கூழும் மோர்மிளகாயும் வரவழைத்தான். மருதப்பன் குடிப்பதற்கு லோட்டாவை உச்சிமாகாளியே பிடித்துக்கொண்டான். பஸ்ஸுக்கு நடக்க வேண்டாம் என்று மாட்டு வண்டி பூட்டினான். வண்டியில் ஒரு மூட்டை சோளம் ஏற்றினான். கடைசியில், மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரி செய்துகொண்டே சொன்னான்:

"கல்யாணப் பேச்சு இப்ப வேண்டாம் இசக்கி. பயலுக்கு இன்னும் வயசு கெடக்கு. நீ மொதல்ல மாப்பிளையைக் கவனி."

இசக்கித்தாய் அந்தச் சோளமூட்டையைப் பார்த்தாள். திமிருக்கு அண்ணன் ஆறு மாசம் கோபப்பட்டான், அந்தக் கோபத்தில் உறவு இருந்தது. சீக்குக்கு ஒரு மூட்டை சோளத்தில் கணக்கை முடித்துவிட்டான்.

"சோளத்தை எறக்கு" என்றாள்.

"ஏட்டி, பிரியமாத் தாரேன்."

"உன் பிரியத்துல வண்டு விழுந்திருக்கு. எறக்கு."

பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டிருந்தவள், வண்டி கிளம்பிய பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா தையில முடிஞ்சிருக்கும்."

"மாத்திரைக் கையி அது" என்றான் அவன். "தையில மணவறையில நின்னு பொண்ணு கையைப் பிடிச்சுக் குடுக்கணும். அன்னைக்கு மாத்திரை இல்லைன்னா? சபையில வச்சுத் தெரிஞ்சா தாலி கெட்டுன பொறவு அவளை என்ன பாடு படுத்துவான்?"

அவன் சொன்னது சரியாக இருந்ததற்காகவே அவளுக்கு அவன் மேல் இன்னும் வெறுப்பு வந்தது. நியாயம் பேசுகிற சீக்காளியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வீட்டில் கோமதித்தாய் தார்க்கட்டையைச் சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். "அநேகமான்னு கேட்டாராக்கும் மாமா? அவரு மவனுக்கு அநேகமாவாச்சும் மூளை இருக்கான்னு நாம கேக்காமத்தானே சம்மதிச்சோம்." சொல்லிவிட்டு இழை அறுந்த இடத்தில் குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

மிச்சம் இருந்த மாத்திரையும் ஏழாம் நாளோடு தீர்ந்தது. பத்தாம் நாள் மருதப்பனின் சட்டைப் பொத்தானை இசக்கித்தாய் போட்டுவிட்டாள், ஏசிக்கொண்டே. மருந்துக்கடையில் சொல்லி வைத்த சரக்கு வரவில்லை. வந்தாலும் வாங்கக் கை எட்டாது. விளக்குமாறு பிடிக்கிறவனுக்கு முதலாளி பாதிக் கூலிதான் போட்டார்.

கடைசி வியாழன் வந்தது. ஆஸ்பத்திரி வெள்ளை மாத்திரையும் தீர்ந்துவிட்டது, வாங்கப் போயே ஆக வேண்டும். காலை முதல் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். அந்தப் பெஞ்சில் துப்பட்டிக்காரி தம்பியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடையநல்லூர் அலிமா பீவிக்குத் தர வேண்டியது பத்து மாத்திரை. இசக்கித்தாயிடம் ஒன்றுகூட இல்லை.